இரண்டு பேஷண்ட் உள்ள வீடு

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு விஷயம் கெட ஆரம்பித்தது. ஒன்பதுக்கு வரவேண்டிய அட்டெண்டன்ட் வரவில்லை. பதினொன்றுக்கு என் மகன் கல்லூரி நண்பர்களோடு தில்லி சரோஜினி நகரில் இருக்க வேண்டும், குளிருக்கு ஜாக்கெட் வாங்க. அப்பா, அம்மா இல்லாமல் அவன் கடைத்தெருவுக்குப் போகப்போவது அதுதான் முதல் தடவை. இருபது வயது. பிறந்ததிலிருந்தே கால்கள் ஒத்துழைக்காது, கையிலும் பலம் குறைவு. சக்கர நாற்காலியைத் தள்ள ஒருவர் வேண்டும்.

ஸ்வெட்டர் மாட்டி, தலை வாரி, சோபாவில் தயாராக உட்கார்ந்திருந்தான்.

"நானே வர்றேனேடா," என்றேன்.

"நீங்க வந்தா அது வேற ப்ளான்ப்பா."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

இரண்டு மாதம் முன்பு ஓர் அட்டெண்டன்ட், போனில் பேசிக்கொண்டே, எங்கள் வாசல் சரிவில் கைப்பிடியை விட்டுவிட்டார். நாற்காலி தானாக ஓடி, நின்றிருந்த கார் ஒன்றில் முட்டி நின்றது. முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அவன் அதை மறந்துவிட்டான். நான்தான் தெருவில் காய்கறி வண்டி உருண்டால்கூட இன்னமும் ஜன்னலுக்கு ஓடுகிறேன். ஆள் அனுப்பும் ஏஜென்சியில் கேட்டால், "ஸாரி சார், வேற ஆள் அனுப்பறோம்," என்றார்கள். ஆள் மாறினார். அடுத்த வாரம் அவரும் மாறினார். சரிவில் நாற்காலியை எப்படி இறக்குவது என்று அவர்களில் யாருக்கும் யாரும் சொல்லித் தந்ததாகத் தெரியவில்லை.

ஆகவே நான் ஒரு பரீட்சை வைத்தேன். புதிதாக வருகிறவர் முதலில் என்னைத் தள்ள வேண்டும். நான் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொள்வேன். சரிவில் இறங்கி, எங்கள் மோதி பாக் குவார்ட்டர்ஸின் ஸ்பீட் பிரேக்கர்களைத் தாண்டி, பூங்காவைச் சுற்றி, மறுபடி சரிவில் ஏற்ற வேண்டும். நான் எண்பத்தெட்டு கிலோ. மனைவி ஜன்னலில் நின்று, "சாமி புறப்பாடு ஆயிடுச்சு, யாராவது தேங்காய் உடைங்க," என்பாள்.

அன்று ஏஜென்சிக்குப் போன் செய்தேன். மணி போய்க்கொண்டிருக்கும்போதே, பக்கத்தில் எது இருந்ததோ அதில் உட்கார்ந்தேன். ஸ்பீக்கரில் ஏஜென்சிப் பெண் இந்தியில் தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

"அங்கிள்ஜி, பசங்க வர மாட்டேங்கறாங்க. அந்த வீட்ல பேஷண்ட் ரெண்டு பேர், அதுல ரெண்டாவது ஆள் ரொம்ப கனம்னு சொல்றாங்க."

சமையலறையில் ஒரு கரண்டி விழுந்தது. மனைவி சிரிக்கிறாள் என்று அர்த்தம். மகன் கையை நீட்டினான்.

"போனை இங்க குடுங்கப்பா." வாங்கி இந்திக்கு மாறினான். "தீதி, டெஸ்ட் கேன்சல். ஒரே கண்டிஷன். வெளியில இருக்கிற வரைக்கும் வர்றவரோட போன் என் பையில இருக்கும். வேணும்னா கேட்டு வாங்கிக்கலாம்."

"அச்சா, இவ்வளவுதானா? பக்கத்துல ஒருத்தர் நைட் டியூட்டி முடிச்சுட்டு இருக்கார். கேட்டுப் பார்த்து ஜல்தி அனுப்பறேன்."

"யாரைக் கேட்டுடா கேன்சல் பண்ணினே?" என்றேன்.

"சாயங்காலம் நான் வந்தப்புறம் வேணும்னா நீங்க ஒரு ரவுண்டு போயிட்டு வாங்கப்பா."

அப்புறம் அவன் நண்பர்களுக்கு மெசேஜ் எதுவும் அனுப்பவில்லை, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். நானும் பார்த்தேன். சரிவு என் கண்ணுக்கு அன்று கொஞ்சம் கூடுதல் செங்குத்தாகத் தெரிந்தது.

பத்தே முக்காலுக்கு மணி அடித்தது. மனைவி கதவைத் திறந்தாள். மஃப்ளர் சுற்றிய ஒரு நாற்பது வயது மனிதர். ஷூவைக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, சோபாவில் இருந்த என் மகனிடம் நீட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அப்போதுதான் கவனித்தேன்: பதற்றத்தில் நான் உட்கார்ந்திருந்தது சக்கர நாற்காலியில்.

"அங்கிள்ஜி, எழுந்திருங்க," என்றார். "வண்டி கிளம்பணும்."