சுரைக்குடுக்கையும் கருவாட்டுப் பொதியும்

ஜூன் 23, செவ்வாய்க்கிழமை என்கிறது குறிப்பு. ஆண்டு அதில் இல்லை; 778 என்பது பின்வந்தவர்கள் கணித்தது. இங்கிலாந்தில் பிறந்து பவேரியாவில் ஆயரான முதியவர் ஒருவர் அன்று தன் வாழ்க்கையைச் சொல்ல, ஒரு கன்னியாஸ்திரி எழுதிக்கொண்டார். இளமையில் எருசலேமுக்கு யாத்திரை போனவர் அவர். வழியில் ஒற்றன் என்று சிறையிலும் கிடந்தவர். திரும்பும்போது தீரு துறைமுகத்தில், விலையுயர்ந்த பரிமளத் தைலத்தைச் சுரைக்குடுக்கையில் ஒளித்து, அதன் வாயில் மண்ணெண்ணெய் போல நாறும் எண்ணெய் நிரம்பிய குழாயைச் செருகினார். சுங்கக்காரர்கள் மோந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

எசன் நகரில் தங்கையின் சமையலறையில் இதை வாசித்துக் காட்டினேன். காரணம் இருந்தது. எண்பதுகளில் அவள் பெர்லினில் வந்திறங்கியபோது, தாலிக்கொடியை நெத்தலிக் கருவாட்டுப் பொதிக்குள் ஒளித்திருந்தாள். தங்கத்தைப் பறிப்பார்கள் என்று யாரோ பயமுறுத்தியிருந்தார்கள். அதிகாரி பொதியைத் திறந்து மூக்கைப் பொத்திக்கொண்டு, வேறு ஏதும் உண்டா என்று கேட்டார். இல்லை என்றாள். என்ன திகதி என்பது அவளுக்கு நினைவில்லை. திகதிகளைத் தேடிப் பழகிய எனக்கு அது இன்றும் உறுத்தல். நாங்கள் கருவாட்டுக்காரி என்று கேலி செய்வோம், அவளும் சிரிப்பாள். ஆனால் பொய் சொல்லிக் கொண்டுவந்ததைப் போட்டுக்கொண்டு நற்கருணை வாங்க ஏலாது என்று, கொடியைப் பெட்டியிலேயே வைத்திருந்தாள். மகளுக்குக் கொடுக்க ஆசை; கொடுக்கவும் மனமில்லை.

"ஒரு ஆயரே செய்திருக்கிறார், பாரன்," என்றேன்.

"பிறகு சுவாமியாரிட்டைப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தவரோ, அண்ணை?"

"அது எழுதியில்லை. வெக்கப்படாமல்தான் சொல்லியிருக்கிறார்."

"வெக்கப்படாட்டி பாவமில்லையோ? தேடிப் பாத்துச் சொல்லுங்கோ. பிறகு பிள்ளைக்குக் குடுப்பம்."

தேடினேன். இத்தாலியில் ஒரு மடத்தில் பத்தாண்டு இருந்திருக்கிறார், அங்கே செய்திருக்கலாம். 'கலாம்' அவளுக்குப் போதாது என்று தெரியும். போன குளிர்காலத்தில், நான் ஒன்றும் சொல்லுமுன்னே, அவள் காலமாகிவிட்டாள்.

சென்ற வாரம் அவள் மகள் பெட்டியோடு வந்தாள். கலியாணத்துக்குக் கோயிலில் டெர்மின், அதாவது நாள், எடுத்துவிட்டாளாம். நான் பெட்டியைத் திறந்து மோந்தேன். வெல்வெட் துணி வாடை மட்டும்தான்.

"அம்மா கேட்டதுக்கு மறுமொழி கிடைச்சதோ, மாமா?"

"ஓம்," என்றேன்.

அவள் கொடியை எடுத்துக் கண்ணாடி முன் கழுத்தில் வைத்துப் பார்த்தாள்.

இந்த ஆண்டும் ஜூன் 23 செவ்வாய்க்கிழமையில்தான் வருகிறது. அந்தக் குடுக்கைக்காக ஆயர் பாவசங்கீர்த்தனம் செய்தாரா என்பது இதுவரை உறுதிப்படவில்லை.