இன்னா வேணும் என்று கேட்கும் திரை

சேகர் போய்விட்டார் என்று எனக்குச் சொன்னது, அவலூர்பேட்டையில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கும் மஞ்சுளா. காலையில் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கி அலுவலகத்துக்கு நடந்துகொண்டிருந்தபோது அவளிடமிருந்து போன். "மேடம், ஒரு டவுட்டுன்னு சாருக்கு போன் போட்டேன். வீட்டம்மா எடுத்து, அவரு இல்லீங்கன்னாங்க. நான் வேற எப்ப வருவாருன்னு கேட்டுட்டேன் மேடம்" என்று சொல்லிவிட்டு அழுதாள். மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக்கூட நேரம் இருக்கவில்லை. எங்கள் அலுவலகத்துக்குக் கீழே இருக்கும் பைப் கடையின் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் எதுவும் கேட்காமல் தண்ணீர் கொடுத்தார்.

லேபுகளில் இருந்து இதைப் படிக்கும் உங்களில் பலர் சேகரின் முகத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள். குரலைத்தான் தெரியும். சுற்றுவட்டார லேபுகளுக்காக நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு மென்பொருள் எழுதினோம். பழைய கம்ப்யூட்டரிலும் ஓட வேண்டும் என்பதால் படமோ பட்டனோ கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்ட வேண்டும். சேகர் தளவானூர்க்காரர். வீட்டில் எல்லோரும் நெல்லும் மணிலாக் கடலையும் போடுகிறவர்கள். இவர் மட்டும் கீபோர்டுக்கு வந்தார். டீயைக் கீபோர்டுக்குப் பக்கத்திலேயே வைப்பார். நான் எடுத்துத் தள்ளி வைப்பேன். அவர் திரும்ப வைப்பார். இதுவே பல வருடம் நடந்தது.

எங்களுக்குள் தீராத சண்டை ஒன்று இருந்தது. ஒரு கட்டளையைப் பற்றித் தெரிந்துகொள்ள இரண்டு வழி உண்டு. அந்தக் கட்டளையிடமே உதவி கேட்டால் நான்கைந்து வரியில் பதில் சொல்லும். இல்லாவிட்டால் தனியாக எழுதிவைத்த கையேட்டுப் பக்கத்தைத் திறந்து, விலாவாரியாகப் படிக்கலாம். நான் கையேட்டுக் கட்சி. எங்கள் மென்பொருளுக்கு ஒரு கையேடு எழுதினேன். நல்ல தமிழ், தலைப்புகள், எடுத்துக்காட்டுகள், எதையும் விடவில்லை. சேகர் மதியச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு அதை முழுக்கப் படித்தார். "நல்லா இருக்குது புலவரம்மா. ஆனா இதப் படிக்க ஒருத்தன் நிம்மதியா இருக்கணும். நிம்மதியா இருக்கறவன் நம்மள இன்னாத்துக்குத் தேடப் போறான்?" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அன்று சாயங்காலம் வரை அவரோடு பேசவில்லை.

உதவித் திரையை அவரே எழுதினார். அதன் முதல் வரி "இன்னா வேணும்?" ரிசல்ட் பார்க்க ஒரு வரி, பிரிண்ட் எடுக்க ஒரு வரி, தப்பாகப் போட்டதைத் திருப்ப ஒரு வரி. கடைசியில், "எதுவும் அழிஞ்சு போவல. பயப்படாதீங்க." லேபில் டாக்டர்கள் பார்க்கும் திரையில் 'இன்னா'வா என்று குதித்தேன். "'என்ன வேண்டும்'னு போட்டா தாலுக்கா ஆபீஸ் ஞாபகம் வருது. எழுந்து போயிடுவாங்க" என்றார். எவ்வளவு மல்லுக்கட்டியும் அந்த ஒரு வார்த்தையை மாற்ற விடவில்லை.

அவர் தோற்ற நாளும் ஒன்று உண்டு. மஞ்சுளாவின் லேபில், கூட்டம் நிறைந்த ஒரு காலை வேளையில், கம்ப்யூட்டர் தானாகவே சாயங்காலம் அணையும்படி செய்துதரக் கேட்டார்கள். கம்ப்யூட்டரை அணைக்கும் கட்டளையை எப்படிக் கொடுப்பது என்று அவருக்கு மறந்துவிட்டது. வழக்கம்போல அந்தக் கட்டளையிடமே கேட்டார். பின்னால் ஒரு சிறு கோடும் 'எச்' எழுத்தும் போட்டால் முக்கால்வாசிக் கட்டளைகள் உதவியைக் காட்டும். அந்தக் கட்டளைக்கு மட்டும் 'எச்' என்றால் 'அணைத்துவிடு' என்று அர்த்தம். சற்று நேரத்தில் திரை இருண்டது. வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வந்தவர்கள் எல்லாம் எங்களையே பார்த்தார்கள். அது திரும்ப எழுந்திருக்கும்வரை சேகர் ஒவ்வொருவரிடமும் போய் மன்னிப்புக் கேட்டார். ஒரு பெரியவருக்கு விசிறியும் விட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில், "உங்க புராணத்துல அது இருந்துச்சா?" என்று கேட்டார்.

"அந்தக் கட்டளையோட கையேட்டுல மொதல் பக்கத்துலயே இருக்குது" என்றேன். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அப்புறம் சொன்னார்: "வேல சொன்னா வேல செய்யணும். வெவரம் கேட்டா வெவரம் சொல்லணும். கேட்டவன் மேலயே பாய்ஞ்சா, அப்புறம் எவன் கேப்பான்?" மறுநாள் முழுக்க எங்கள் மென்பொருளில் ஒவ்வொரு கட்டளையாக உதவி கேட்டுப் பார்த்தார். எதுவும் எதையும் தொடவில்லை என்று உறுதியான பிறகுதான் வீட்டுக்குப் போனார்.

அமாவாசையன்று மேல்மலையனூர் அம்மன் கோயில் கூட்டத்தில் அந்த வழியாக ஒரு பஸ்ஸிலும் ஏற முடியாது. அப்படி ஒரு நாளில் மஞ்சுளா தவித்துப்போனாள், நாங்கள் போக முடியவில்லை. அதற்குப் பிறகு சேகர் உதவித் திரையின் அடியில் இன்னொரு வரி சேர்த்தார்: "இன்னும் புரியலன்னா போன் போடுங்க." பக்கத்தில் அவருடைய சொந்த நம்பர். உலகத்தில் எந்த மென்பொருளில் இப்படி இருக்கிறது என்று கத்தினேன். "நம்மளுதுல இருக்குது" என்றார்.

காரியம் முடிந்ததும் அவர் மனைவி கலாவைப் பார்க்கப் போனேன். சேகரின் போன் மேஜைமேல் சார்ஜில் இருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு லேபிலிருந்து அழைப்பு. கலா எடுத்து, "அவரு இல்லீங்க. பயப்படாதீங்க, எதுவும் அழிஞ்சு போவாது. ஆபீஸ்ல இருந்து கூப்புடுவாங்க" என்று சொல்லி வைத்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. "இன்னைக்கே அந்த நம்பர எடுத்துடறேன் கலா" என்றேன்.

"வேணாங்கக்கா" என்றாள் அவசரமாக. "கூப்புடறவங்க நெறைய பேருக்கு அவரு போனது தெரியாது. அவங்க சார் இருக்காரான்னு கேக்கறப்ப, அவரு குளிக்கப் போயிருக்கற மாதிரி இருக்குது. கொஞ்ச நாள் இருக்கட்டும்."

என்ன செய்ய? விட்டுவிட்டேன். அழைப்புகள் அவளுக்குப் போயின. அவள் எனக்குச் சொல்வாள், நான் அவர்களைக் கூப்பிடுவேன். சுற்றி வளைத்த வேலைதான். போன வாரம் அவளே போன் செய்தாள். "மாத்திடுங்கக்கா. நேத்து ஒரு பையன் கேட்டான். அவரு இறந்துட்டாருன்னு என் வாயாலயே சொல்லிட்டேன். சொல்ல முடிஞ்சுது." இரண்டு பேரும் போனில் அழுதோம்.

அன்றே அந்த வரியில் என் நம்பரைப் போட்டு எல்லா லேபுகளுக்கும் அனுப்பினேன். மற்ற வரிகளில் கை வைக்கவில்லை. கையேட்டைப் பாதுகாக்க நான் இருக்கிறேன். அந்தத் திரையையும் இனி நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் அழைப்பு மறுநாள் வந்தது. ஏதோ ஒரு லேபில் புதிதாகச் சேர்ந்த பெண், குரல் நடுங்கியது. "சேகர் சாருங்களா?" என்றாள். அவர் இல்லை என்பதையும், நான் யார் என்பதையும், கையேட்டில் எந்தப் பகுதியைப் பார்க்க வேண்டும் என்பதையும் விளக்கமாகச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"சொல்லும்மா" என்றேன். "இன்னா வேணும்?"