எக்ஸ்பிரஸின் கடிகாரம்

பஸ் கண்டக்டரான அவள் கணவருக்கு டிப்போவில் ‘எக்ஸ்பிரஸ்’ என்று பெயர். சர்க்கரை ஏறிவிட்டது என்று டாக்டர் பயமுறுத்திய பிறகு, தலை நரைக்கிற வயதில் ஓட ஆரம்பித்த மனுஷர். விடிந்ததும் ஓட்ட நேரத்தைக் கணக்கிடும் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, பொத்தானைத் தட்டிவிட்டுக் கிளம்புவார். திரும்பி வந்து மூன்றாவது மாடி ஏறி, வாசலில் நின்று மறுபடி பொத்தானை அழுத்தி நிறுத்துவார். ‘பீப்’ என்று சத்தம் வந்த பிறகுதான் வீட்டுக்குள் காலை வைப்பார். எவ்வளவு நேரம் ஓடினார் என்பதைக் கேட்காமலே சொல்லுவார்.

ஒரு நாள் காலை, பூங்காச் சுவரோரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார். மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்போதே உயிர் இல்லை.

கையிலிருந்ததை ஒரு பாலிதீன் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். நடைபாதைக் கல்லில் மோதி, கடிகாரத்தின் பிளாஸ்டிக் உடல் விரிசல் விட்டிருந்தது. பட்டை மாட்டும் காதுகளில் ஒன்று உடைந்து போய்விட்டது. பட்டையும் அறுந்திருந்தது. விரிசலின் விளிம்பு நெருக்கியதில் பொத்தான் உள்ளே புதைந்து கிடந்தது. ஆனால் திரையில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. காலையில் அவர் தட்டிவிட்ட ஓட்டம். அதை நிறுத்தத்தான் ஆளில்லை.

காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகும் அது நிற்கவில்லை. உச்ச எண்ணைத் தொட்டதும் பூஜ்யத்துக்குப் போய் மறுபடி ஆரம்பிக்கும். பீரோவில் புடவைகளுக்கு அடியில் செருகி வைத்தாள்.

வீட்டில் இன்னும் ஒருத்தி இருந்தாள். அவருடைய தங்கை. கட்டியவன் விட்டுப் போன பிறகு அண்ணன் வீட்டிலேயே தங்கி, ஒரு பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கும் வேலை பார்ப்பவள்.

“அண்ணி, அதை எங்கயாவது தூக்கிப் போடுங்க. பீரோவைத் திறக்கவே பயமா இருக்கு.”

“அது உன்னை என்ன பண்ணுது?”

“ஓடிட்டே இருக்கே அண்ணி. அண்ணன் இன்னும் வீடு வந்து சேரலைன்னு சொல்ற மாதிரி.”

காலையில் அவளுக்குப் படியில் காலடிச் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. தடதடவென்று ஏறி வரும். வாசலில் நிற்கும். அவ்வளவுதான். கதவைத் திறந்தால் வெறும் படிக்கட்டு. வெளியே சொன்னால் புத்தி பிசகிவிட்டது என்பார்கள் என்று வாயைத் திறக்கவில்லை. பொத்தான்தான் புதைந்து கிடக்கிறதே, பாவம், எப்படி உள்ளே வருவார் என்று ஒருநாள் நினைத்துவிட்டாள்.

மறுநாளே கடிகாரக் கடைக்குப் போனாள்.

“இந்த மாடலுக்கு மேல்கூடு இப்ப வர்றதில்லம்மா” என்றார் கடைக்காரர். “ஓட்டத்தை நிறுத்தணும்னா பேட்டரியை எடுத்துடறேன். ஒரு நிமிஷ வேலை.”

அவர் திருகாணியில் கையை வைப்பதற்குள் பிடுங்கிக்கொண்டாள். “வேண்டாம். ஓடட்டும்.”

அவள் பைகள் தைக்கிற பட்டறையில் வேலை பார்ப்பவள். ஊசியும் கையும் பழக்கம். விடுமுறை நாள் மதியம் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பட்டை இருந்த இடத்தின் இடுக்கில் வெள்ளையாக உப்பு படிந்திருந்தது. அவருடைய வியர்வை. பழைய பல் பிரஷ்ஷை எடுத்தாள். பிறகு, மூஞ்சியை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு தேய்த்தாள்.

தையல் மிஷின் ஊசி ஒன்றில் எண்ணெய் தடவி, காது இருந்த இடத்தில் குறுக்கே வைத்தாள். அதைச் சுற்றி ஆப்ப சோடாவைத் தூவி, உடனே இறுகும் ஒட்டுப் பசையைச் சொட்டு விட்டாள். புகைந்து, கல்லாக இறுகியது. ஊசியை உருவியபோது பட்டைக் கம்பி செருகுகிற ஓட்டை அப்படியே கிடைத்தது. நகம் ராவும் அரத்தால் வழித்துவிட்டாள். பட்டறையிலிருந்து கொண்டுவந்த நைலான் நாடாவை வெட்டி, பிரியாமலிருக்க நுனியை மெழுகுவர்த்தியில் பொசுக்கி, அந்தக் கம்பியில் கோத்தாள். பொத்தான்தான் கடைசி. அழுந்திவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு, விரிசல் விளிம்பை ஊசியால் நெம்பினாள். பொத்தான் துள்ளி மேலே வந்தது. எண்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

அடுத்த நாள் விடிந்ததும் அதைக் கட்டிக்கொண்டு பூங்காச் சுவர்வரை பஸ்ஸில் போனாள். அவர் விழுந்த இடத்தில் இறங்கி, அங்கிருந்து வீட்டைப் பார்த்து நடந்தாள். மணிக்கட்டில் ஓர் ஆள் கையைப் பிடித்து இழுப்பது போலிருந்தது. கடைசித் தெருவில், தன்னை அறியாமல் ஓடினாள். மூன்று மாடியும் மூச்சிரைக்க ஏறி, வாசலில் நின்று அழுத்தினாள்.

பீப்.

தங்கை உள்ளேயிருந்து கதவைத் திறந்தாள். முகம் வெளிறியிருந்தது. “நீங்களா அண்ணி” என்று மட்டும் சொன்னாள்.

இனி அந்தக் காலடிச் சத்தம் வராது என்று அண்ணி நினைத்தாள். மறுநாள் காலையும் வந்தது. தடதடவென்று ஏறி, வாசலில் நின்றது. அடுப்படியிலிருந்து அவள் எட்டிப் பார்த்தபோது, தங்கை கூடத்தில் கதவையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“உங்களுக்கும் கேக்குதா அண்ணி?”

“எப்பலேருந்துடி?”

“அண்ணனைக் கொண்டு போன மறுநாள்லேருந்து. சொன்னா நீங்க பயந்துடுவீங்கன்னு கடிகாரத்து மேல பழியைப் போட்டேன்.”

இருவரும் சேர்ந்து போய்க் கதவைத் திறந்தார்கள். யாரும் இல்லை. தங்கைதான் முதலில் அழுதாள். அண்ணி அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். அன்று வேலைக்கு இரண்டு பேருமே போகவில்லை.

இப்போது ஒரே அறையில்தான் படுக்கிறார்கள். சத்தம் சில நாள் வருகிறது, சில நாள் வருவதில்லை. வராத நாளில், தான் காத்திருந்தது தெரிந்துவிடுமோ என்று ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்ப்பதில்லை.