இடது பக்கத்துப் பெட்டி

ஞாயிறுதோறும் காலை பத்தரை மணிக்குப் பூபாலன் கூடத்து மின்விசிறியை நிறுத்துகிறார். ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்குகிறார். சன்னலைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டு, கூடத்தின் நடுவில் நின்று பலமாக ஒரு முறை கைதட்டிப் பார்க்கிறார். சத்தம் சுவரில் மோதித் திரும்பினால் பீரோவிலிருந்து இன்னொரு போர்வை வெளியே வரும். அதை மாட்டச் சுவரில் ஆணி தயாராக இருக்கிறது. சிகந்தராபாத் பக்கம் குஷாய்குடாவில் இந்த வீட்டைப் பார்க்க வந்த அன்றும் இப்படித்தான். குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று மனைவி கனகவல்லி விசாரித்துக்கொண்டிருக்க, இவர் அறைக்கு அறை கைதட்டிக்கொண்டு போனார். ஏதோ பூசை போலிருக்கிறது என்று வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாராம்.

பூபாலன் லாலாகுடா ரயில்வே காலனியில் பிறந்தவர். அப்பா அரக்கோணத்திலிருந்து ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்தவர். மகன் பட்டறைக்குப் போகாமல் டிப்ளமோ முடித்து, மின்னணுத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் உட்கார்ந்தார். அடுத்தவர் செய்து அனுப்புகிற கருவியில் பழுது எங்கே என்று கண்டுபிடித்துச் சிவப்புச் சீட்டு ஒட்டுவது அவர் உத்தியோகம். "மெசினு பொய் சொல்லாதுங்க. ஒயர மாத்து, பார்ட்ட மாத்து, ஒண்ணொண்ணா மாத்து. தப்பு தானா வந்து நிக்கும்" என்பார்.

கூடத்தில் பாட்டுக் கேட்கிற ஒலிபெருக்கிப் பெட்டிகள் இரண்டும் அவர் கையால் செய்தவை. ராணிகஞ்சில் பலகை வாங்கி, இழைத்து, ஒரு வருஷம் எடுத்துக்கொண்டார். அதில் கேட்பது கடையில் வாங்கிய கேசட் அல்ல. எண்பதுகளிலிருந்து சிகந்தராபாத் சபாவில் அனுமதி வாங்கி, மேடைக்கு முன்னால் இரண்டு மைக்கை நட்டு அவரே பதிவு செய்த கச்சேரிகள். ஸ்கூட்டரின் பின்னால் கனகவல்லி பதிவுக் கருவியைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வருவாள். இரண்டு மைக்குக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி? அது அவள் சொல்லிச் சிரிக்கிற கதை. "கல்யாணமான புதுசு. இஞ்சு டேப்ப எடுத்துனு வந்தாரு. ரவிக்கைக்கு அளவு எடுக்கறாரு போலன்னு வெக்கப்பட்டுனு நின்னா, இந்தக் காதுலேர்ந்து அந்தக் காது வரைக்கும் அளந்து எழுதிக்கினு போயிட்டாரு மனுஷன்!"

ஆக, இருபது வருஷத்துக் கச்சேரிகளும் கனகவல்லியின் காது அகலத்தில் பதிவானவை. கூடத்தின் நடுவில் இரண்டு நாற்காலி. "கண்ண மூடு. பாடறவரு நடுவுல. பிடில் ரைட்ல. மிருதங்கம் லெஃப்ட்ல. தெரியுதா?"

"தெரியுது. ஆனா என்னா இருந்தாலும் அங்க போயி கேக்கறாப்ல ஆவுமா? யாரோ இருமுவாங்க, எவளோ கொழந்தைய அதட்டுவா. பக்கத்துல நாலு தல ஆடும்."

"இருமல் டேப்லயே கீது. தல நான் ஆட்டறன், போதுமா?"

ஹைடெக் சிட்டியில் வேலை பார்க்கும் மகள் ரோகிணி முதல் போனஸில் ஹோம் தியேட்டர் வாங்கித் தருவதாகச் சொன்னாள். "அஞ்சு ஸ்பீக்கர்ப்பா. சுத்தி சுத்தி சவுண்ட் வரும்."

"நமக்கு இருக்கறது ரெண்டு காதுதானம்மா. நக்கோ, வேணாம்."

இரண்டாயிரத்து நான்கில், தீபாவளிக்கு வந்த காய்ச்சலிலிருந்து கனகவல்லி தேறிய சில வாரங்களில், ஒரு ஞாயிறு தனி ஆவர்த்தனத்தின்போது தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த அவள் கை தடுமாறி நின்றது. தப்பாத கை அது. பூபாலன் டேப்பை நிறுத்தினார்.

"இன்னாச்சு?"

"மிருதங்கம் எங்கயோ தெருவுல வாசிக்கறாப்ல கீதுங்க."

"போன வாரம் சபாவுல?"

"அங்க நல்லாத்தான் இருந்துச்சு."

இது அவரை எங்கேயோ தைத்தது. தன் பெட்டி சபாவிடம் தோற்பதா? சபாவில் அவள் இடது ஓரத்து நாற்காலியில் இருந்தாள், மேடை முழுதும் அவளுக்கு வலப்பக்கம் என்பது அப்போது அவருக்கு உறைக்கவில்லை. சோதனைப் பிரிவுக்காரர் உடனே வேலையில் இறங்கினார். இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றினார். மிருதங்கம் வலப்பக்கம் வந்தது. "இப்ப கணீர்னு கேக்குது. ஆனா பிடிலக் காணமே" என்றாள். அப்படியானால் பழுது இடது பெட்டியில். பெட்டிகளை மாற்றி வைத்தார். அப்போதும் பிடிலைக் காணோம். ஒயர் இல்லை, பெட்டியும் இல்லை. மாற்றிப் பார்க்க மிச்சம் இருந்தது நாற்காலிதான்.

"பொட்டிக்கு முதுகு காட்டி ஒக்காரு."

"சாமிக்கே முதுகு காட்டாதவ நான். பாட்டுக்குக் காட்டச் சொல்றீங்களே" என்று திரும்பி உட்கார்ந்தாள். "ஹாங், பிடில் வந்துடுச்சு. மிருதங்கந்தான் போயிடுச்சு."

பூபாலன் அவள் பின்னால் போய், இடது காதருகில் விரல்களை மெல்லத் தேய்த்தார்.

"கேக்குதா?"

"எது?"

மருத்துவமனையில், காய்ச்சலில் இடது காது நரம்பு போய்விட்டது, திரும்பாது என்றார்கள். ஆட்டோவில் திரும்பும்போது அவளே ஆரம்பித்தாள். "எனக்குத் தெரியும்ங்க. தீபாவளிலேர்ந்தே ஃபோன வலது காதுலதான் வெச்சிக்கறன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க தனியா ஒக்காந்து கேப்பீங்களா? பொட்டிய மூடிப் போட்டுடுவீங்க. பொட்டிதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சா, வேற ஒண்ணு செஞ்சிக்கினு சந்தோஷமா இருப்பீங்கன்னு பாத்தன். நீங்க கேட்டப்ப பொய்தான் வாய்ல வரல."

வீட்டுக்குப் பக்கத்து ஈ.சி.ஐ.எல். சந்திப்பு வரும்வரை அவர் வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தார்.

அடுத்த ஞாயிறு கூடத்தை வழக்கம்போல அடைத்துவிட்டு, இடது பெட்டிக்கு முன் குனிந்தார். சுவரிலிருந்து எத்தனை அங்குலம் என்று ஒரு மாதம் அளந்தளந்து நிறுத்திய பெட்டி. இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி, முழங்காலால் தாங்கி நகர்ந்து, வலது பெட்டியோடு ஒட்டவைத்தார். பாட்டு, பிடில், மிருதங்கம் எல்லாம் இனி ஒரே பக்கம்.

"என்னாங்க பண்றீங்க? இத்தன வருஷமா வெச்ச எடத்த?"

"வெளிச்சத்த மறைக்குது" என்றார், திரை போட்ட கூடத்தில்.

பெட்டி நின்ற இடத்தில் மொசைக் தரையில் ஒரு சதுரம் வெளுத்துக் கிடந்தது. பூபாலன் டேப்பைப் போட்டார். நடுவிலிருந்த தன் நாற்காலியை இழுத்துவந்து, அந்தச் சதுரத்தின்மேல், கனகவல்லியின் தாளம் போடும் கையைப் பார்க்கிறாற்போலத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.