குழந்தை அழுவதற்கென்று ஒரு வீடு

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என் மாமனாரிடம் நான் நேருக்கு நேர் பேசாமலேதான் இருந்துவந்தேன். மனத்தாங்கல் ஒன்றும் கிடையாது. பாலக்காட்டுக் கணவாயில், கஞ்சிக்கோட்டுக்குக் கிழக்கே எங்கள் பக்கத்துக் குடியானவர் வீடுகளில் மருமகள் மாமனார் முன்னால் நின்று பேசுகிற வழக்கம் இல்லை, அவ்வளவுதான். சொல்ல வேண்டியதைக் கதவோரம் நின்று என் கணவரிடம் சொல்வேன். மகள் பிறந்த பிறகு அவளிடம் சொல்லத் தொடங்கினேன். "பாப்பா, குளிக்கத் தண்ணி காஞ்சிருச்சுன்னு அப்பாரய்யன்கிட்டச் சொல்லு." தவழ்கிற குழந்தை என்ன சொல்லும்? அவரும் அவளையே பார்த்து, "வாரேன்னு சொல்லு கண்ணு" என்பார். எங்கள் இருவருக்கும் நடுவில் அவள் விரலைச் சப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

சும்மா உட்கார்ந்திருக்கிற நேரம் குறைவு. அழுகிற குழந்தை அவள். பால் போதவில்லையோ, காது வலியோ, நான் நேற்றுத் தின்ற பலாச்சுளையோ என்று ஒவ்வொன்றாக நினைத்து, நினைத்ததை மாற்றி, மறுபடியும் முதலிலிருந்து நினைப்பேன். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்ததில் இதற்கு விடை இல்லை. கணவாய்க் காற்று கிளம்பிவிட்டால் ஓடுகள் தடதடக்கும், அவள் விழித்துக்கொள்வாள். அப்போதெல்லாம் என் கையிலிருந்து அவளை வாங்கிக்கொள்வது அத்தைதான்.

அத்தை என்று நான் சொல்வது மாமனாரின் அக்காவை. மாமியார் நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டதால் வீடு அத்தையின் கையில் இருந்தது. சின்ன வயதிலேயே கணவரை இழந்து, பிள்ளை இல்லாமல் பிறந்த வீட்டுக்குத் திரும்பியவர். அவருடைய அப்பா, கோயம்புத்தூர் ரோட்டை ஒட்டிய மானாவாரி நிலமான மேட்டாங்காட்டில் ஒரு துண்டை அவர் பேரில் எழுதி வைத்திருந்தார். அதில் தீவனத்துக்குச் சோளம் விதைத்து இரண்டு எருமைகளை வளர்த்து, பாலைப் பக்கத்து லைன் வீடுகளுக்கு ஊற்றிவந்தார். தொழிற்சாலைகள் வரத் தொடங்கிய பிறகு, நிலம் வைத்திருந்த காட்டுக்காரர்கள் வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார்கள். அவைதாம் லைன்.

ஒரு நாள் பால் ஊற்றிவிட்டு வந்தவர் குடத்தைக் கூடக் கழுவவில்லை. லைனில் ஒரு குடும்பத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம். வாடகை பாக்கி இல்லை, சண்டையும் இல்லை. கைக்குழந்தை அழுகிறதாம். நைட் ஷிப்ட் முடித்து வந்து பகலில் தூங்குகிற ஆட்கள் குறை சொல்கிறார்களாம். தனி ஆட்களுக்கு விட்டால் தொல்லை இல்லை என்று லைன்காரர் முடிவு செய்துவிட்டார். குழந்தையின் தாய் ஒரு மாட்டுக் கொட்டகையில் பாதியை வாடகைக்கு எடுத்துக் குடிபோயிருந்தாள்.

"அழுவாம இருக்கறதுக்கு அதென்ன பொம்மையா?" என்று அத்தை கேட்டார். என் மகள் அவர் இடுப்பில் இருந்து கத்திக்கொண்டிருந்தாள். "உன்னையெல்லாம் லைன்ல வெச்சா, ஊரையே காலி பண்ணச் சொல்லிப்போடுவாங்க போ."

சிரித்தேன். ஆனால் அன்று முழுவதும் அந்தக் கொட்டகைதான் என் மனத்தில் இருந்தது.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, சாப்பாட்டு நேரத்தில் அத்தை சொன்னார். தனக்குப் பிறகு மேட்டாங்காடு வீடு கட்டப் போக வேண்டும். குழந்தை குட்டி உள்ள குடும்பங்களுக்கு, கொடுக்க முடிகிற வாடகையில். தொழிலாளர்கள் சேர்ந்து நடத்துகிற வீட்டுச் சங்கம் ஒன்று இருந்தது. அதன் ஆட்களிடம் ஏற்கெனவே பேசிவிட்டிருந்தார். உயில் எழுத வேண்டியதுதான் பாக்கி.

மாமனார் மோரை ஊற்றிப் பிசைந்தார். அந்தக் காடு வீட்டிலிருந்து போனது, வீட்டுக்கே திரும்பும் என்பதுதான் எல்லோருடைய எண்ணமும். உண்மையைச் சொன்னால் என் எண்ணமும். ரோட்டோர நிலம், மகளுக்கு ஒரு காலத்தில் ஆகும் என்று நானும் என் கணவரும் பேசிக்கொண்டது உண்டு.

பாலக்காட்டில் பத்திரம் எழுதுகிறவர் மலையாளத்தில்தான் எழுதுவார். அத்தைக்குத் தமிழே கையெழுத்துப் போடுகிற அளவுக்குத்தான் தெரியும். வீட்டில் மலையாளம் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி. எழுதியதைப் படித்துச் சரி என்று சொல்ல நான்தான் கூடப் போக வேண்டும் என்றாகிவிட்டது.

புறப்படுவதற்கு முதல் நாள் சாயங்காலம் மாமனார் வாசலில் மகளை மடியில் வைத்திருந்தார். நான் கதவுக்குப் பின்னால் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன்.

"கண்ணு, உன்ற அம்மாளுக்கு மலையாளம் நல்லாத் தெரியுமாமா," என்றார் அவளிடம். "ஒரு வரி சேத்தி எழுதச் சொல்லு. மூணு வருசத்துல ஊடு கட்டலீன்னா காடு நம்ம ஊட்டுக்கே வரோணும்னு. அந்தச் சங்கத்துக்காரங்க கட்டவா போறாங்க? வீணாப் போறது உனக்காச்சும் ஆவட்டுமே."

முறத்தை நிறுத்திவிட்டேன். அக்காவிடம் சொல்லச் சொல்லவில்லை அவர். எழுதச் சொன்னார்.

அன்று என் கணவரிடம் கேட்டேன். "உனக்குச் சரீன்னு படறதைப் பண்ணு" என்று சொல்லிவிட்டார். எனக்கு எது சரி என்று பட்டால்தானே! மாமனார் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. கட்டாமல் கிடந்து யாராவது வளைத்துப்போட்டால்? அந்த வரியில் தப்பென்ன? தப்பில்லை என்றால், அத்தையிடம் சொல்ல எனக்கு ஏன் வாய் வரவில்லை? பெரியவர் சொல்லைத் தட்டக் கூடாது. அத்தையும் பெரியவர்தான். மகளுக்கு வரவேண்டியதை நானே தடுத்தேன் என்று பின்னால் அவள் கேட்பாளோ?

மறுநாள் பஸ்ஸில் மகள் வழிநெடுக அழுதாள். அத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து, போகிற லாரிகளையெல்லாம் அவளுக்குக் காட்டிக்கொண்டே வந்தார்.

பத்திரம் எழுதுகிறவர் பொறுமைசாலி. ஆனால் குழந்தை அழுகிறது என்று யாரையும் காலி செய்யச் சொல்லக் கூடாது என்பதையும் எழுத வேண்டும் என்று அத்தை சொன்னபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இந்த மாதிரி இதுவரை யாரும் எழுதியதில்லையாம். யாரும் எழுதாததால்தான் காலி செய்யச் சொல்கிறார்கள் என்றார் அத்தை. அவர் சிரித்துவிட்டு எழுதினார்.

முடித்துத் தாளை என்னிடம் நீட்டினார். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசி வரி முடிந்தது. இப்போது சேர்த்து எழுதச் சொன்னால், அத்தை என்னவென்று கேட்கக்கூட மாட்டார், அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கைதான் என் வாயைத் திறந்தது.

"அத்தை, மாமா ஒரு வரி சேத்தச் சொன்னாருங்க," என்றேன். சொன்னதை அப்படியே சொன்னேன். மகளிடம் சொன்னதாகச் சொன்னேன்.

அத்தை முகம் சுண்டும் என்று பயந்தேன். அவர் தலையை ஆட்டினார்.

"அவன் சொல்றதுஞ் சரிதான். கட்டாம உட்டா?" பத்திரம் எழுதுகிறவர் பக்கம் கையைக் காட்டினார். "மூணு வருசம்னு எழுதச் சொல்லு அம்மிணி. அதுக்குள்ள சங்கத்துக்காரங்க கட்டலீன்னா, என்ற தம்பி முன்னால நின்னு கட்டிக் குடுக்கோணும்னு எழுது. அவனை விடக் கறாரான ஆளு இந்த ஜில்லாவுல ஆரு?"

பத்திரம் எழுதுகிறவர் என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்தேன். நான் பயந்த வரி அதே மூன்று வருஷத்தோடு உயிலில் ஏறியது, வேறொரு முடிவோடு.

வீட்டுக்கு வந்ததும் அத்தை எருமையைக் கவனிக்கப் போய்விட்டார். சொல்கிற வேலை எனக்கு. மகளை மாமனார் பக்கம் இறக்கிவிட்டுக் கதவோரம் நின்றேன். "பாப்பா, அப்பாரய்யன் சொன்ன வரியை எழுதியாச்சுன்னு சொல்லு. மூணு வருசத்துல கட்டலீன்னா, கட்டறது அப்பாரய்யன் பொறுப்புன்னு அத்தை எழுதச் சொல்லீட்டாங்கன்னு சொல்லு." நான் அத்தையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது அவருக்குப் புரிந்திருக்கும்.

மகள் அவர் துண்டைப் பிடித்து இழுத்தாள்.

"உன்ற அம்மாளுக்கு மலையாளம் நல்லாத்தான் தெரியுது," என்றார் அவளிடம். அது கோபமா, வேறேதாவதா என்று பல நாள் யோசித்தேன். இன்னும் முடிவுக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு அவர் அடிக்கடி மேட்டாங்காட்டுப் பக்கம் போய்வந்தார். சங்கத்துக்காரர்களைக் கூப்பிட்டு, கிணறு வெட்டாமல் அஸ்திவாரம் தோண்டுகிறவன் முட்டாள் என்று சண்டை போட்டாராம். தன் தலையில் விழப்போகிற வேலையை ஒழுங்காக நடத்திவைக்கத்தான் என்று என் கணவர் கேலி செய்தார். அத்தை தம் கண்ணாலேயே கிணற்றைப் பார்த்தார். ஊறிய முதல் தண்ணீரை என் மகளுக்குத் தெளித்தார். அவள் அதற்கும் அழுதாள். அடுத்த வருஷம் மாசியில் அத்தை காலமானார். சோளத்தட்டை அறுத்த கையோடு வேலை தொடங்கியது. மூன்று வருஷத்துக்கு வெகுகாலம் இருக்கும்போதே நான்கு வீடுகள் சுவர் எழும்பிவிட்டன. கொட்டகையில் இருந்த குடும்பத்துக்கு முதல் வீடு என்று பேச்சு.

போன வாரம் மேட்டாங்காட்டுக்கு மாமனாருக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். மகளை வீட்டில் அவள் அப்பாவிடம் தூங்கவிட்டுப் போயிருந்தேன். கூரைக்கு மரம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தூக்குப்போசியைத் திண்டில் வைத்துவிட்டு வழக்கம்போல ஒதுங்கி நின்றேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். எங்கள் நடுவில் வைத்துப் பேசக் குழந்தை இல்லை.

"அம்மிணி," என்றார். என்னைத்தான். "தொட்டில் கட்டற கொக்கியை எந்தப் பக்கம் போடறது? தச்சன் நடு ஊட்டுல போடலாங்கறான்."

நடுவில் போட்டால் வாசல் காற்று நேராக அடிக்கும். தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று ஒருமுறை யோசித்தேன். இரண்டாம் முறை யோசிக்கவில்லை.

"சமையக்கட்டுச் சுவரோரமாப் போடச் சொல்லுங்க மாமா. அங்க காத்து வராது. அடுப்புல நின்னுட்டே அம்மா கையெட்டி ஆட்டிக்கலாமுங்க."

அவர் தச்சரைப் பார்த்துத் திரும்பி, நான்கு வீட்டுக்கும் அப்படியே போடச் சொன்னார்.