கரன்ட் வந்ததும் கேட்கும் கீச்சொலி

எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் வரும் எதையும் நான் உடனே நம்புவதில்லை. உயிரோடு மீன் வாங்கிக்கொண்டிருந்தவருக்கே மாலை போட்ட குழு அது. அதில் "ஷாகுல் பாய் காலமானார்" என்று பார்த்தபோதும் அப்படித்தான் நினைத்தேன். பள்ளியிலிருந்து நான் புதுப்பட்டினம் வந்து இறங்கியபோது தெருவில் மின்தடை. சற்று நேரத்தில் கரன்ட் வந்தது. ஆனால் அடுத்த வீட்டிலிருந்து அந்தக் கீச்சொலி வரவில்லை. அப்போதுதான் நம்பினேன்.

பாயைத் தெரிந்தவர்களுக்கு அந்த ஒலியும் தெரியும். கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் கருவிகளைப் பழுது பார்க்கும் வேலை செய்து ஓய்வு பெற்றவர் அவர். மச்சான் துபாயிலிருந்து எந்தக் காலத்திலோ கொண்டுவந்த கம்ப்யூட்டர் ஒன்று அவரிடம் இருந்தது. விசைப்பலகைக்குள்ளேயே எல்லாம் அடங்கிய பெட்டி; பழைய டிவிதான் அதற்குத் திரை. மோட்டார், இஸ்திரிப்பெட்டி, ஹீட்டர், கரன்ட் அடுப்பு எல்லாவற்றுக்கும் அதிலிருந்து ஒயர் போகும். கரன்ட் போனால் பெட்டிக்கு எல்லாம் மறந்துவிடும். அதற்கான கட்டளைகளைக் கீச்சொலியாகப் பதிந்துவைத்த கேசட்டை மறுபடி டேப் ரெக்கார்டரில் போட்டு ஓடவிட வேண்டும். தெருவே காதைப் பொத்திக்கொள்ளும்.

அணுமின் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் இத்தனை ஒயரும் கீச்சொலியும் என்றால் ஊர் சும்மா இருக்குமா? எதிர்வீட்டு ஆட்டோ குமார் வாசலில் நின்று கத்துவான்: "இன்னா பாய், உள்ள அணு உலை கட்டிகினு கீறியா?"

"ஆமாண்டா. மொத வெடி உன் வூட்லதான்!"

அதையும் யாரோ மெய்யென்று எடுத்துக்கொண்டார்கள் போலும். மஃப்டியில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். பாய் அவர்களை உட்காரவைத்துக் கேசட்டை ஓட்டினார். தண்ணீர்த் தொட்டி நிரம்பியதும் மோட்டார் தானாக நின்றது. வந்தவர்களில் ஒருவர் கேட்டார்: "இதுக்கு ஒரு சுவிட்ச் போதாதா?"

"போதாது சார்" என்றார் பாய்.

வாசலில் நின்றிருந்த எனக்கு அந்தப் பதில் உறுத்தியது. அவர்கள் சந்தேகம் தீர்ந்து போய்விட்டார்கள். என் சந்தேகம் அன்றுதான் தொடங்கியது. போகவர கவனித்தேன். அந்த வீட்டில் எதுவும் தானாக ஓடத் தொடங்குவதில்லை. தானாக நிற்க மட்டுமே செய்தது. ஒருநாள் கேட்டேவிட்டேன். "எல்லாம் என் மறதிக்குத்தான்" என்று சிரித்தார். "சந்தேகம் நல்லதும்மா. மனசுல வெச்சிக்கோ, வாய்ல வெச்சிக்காத." என் வீட்டுக் கேட் பூட்டாமல் கிடந்தால் சொல்லுகிற மனிதருக்கு மறதியா?

ஒரு மாலை அவர் மனைவி சபியா அக்கா அடுப்பில் பால் வைத்துவிட்டு என் வீட்டுக்கு வந்து பேச உட்கார்ந்தார். பேச்சு நீண்டது. திடீரென்று பால் நினைவு வந்து பதறி ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். அடுப்பு அணைந்திருந்தது, பால் பொங்கவில்லை. "பாத்தியா, நிறுத்திட்டுத்தான் வந்திருக்கேன்" என்றார் அக்கா. "மறதியெல்லாம் இந்த மனுசனுக்குத்தான்." அக்காவுக்குப் பின்னால் நின்ற பாய் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார்.

மகன் அன்வர் பெங்களூரிலிருந்து போனில் இயங்கும் புதுச் சாதனங்களை வாங்கி அனுப்பியிருந்தான். பாய் அந்தப் பார்சலைப் பிரிக்கவே இல்லை. காரணத்தை என்னிடம் மட்டும் சொன்னார்: "அடுப்ப மறந்துட்டாங்கன்னு அது பெங்களூர் வரைக்கும் போய்ச் சொல்லும். மறுநாளே அவன் வந்து இவள இட்டுகினு பூடுவான். இந்த வூட்ட வுட்டா இவ தாங்க மாட்டா. என் பெட்டி எவனாண்டையும் சொல்லாது." கடற்காற்றில் கேசட் கெட்டுப்போகும் என்று ஒரு பிரதியை என்னிடம் கொடுத்துவைத்தார்.

அடக்கம் முடிந்து சில நாட்கள் கழித்து அன்வர் அந்த ஒயர்களை முறைத்தபடி நின்றான். "வாப்பா மறதிக்கு வெச்சது. இனிமே எதுக்கு? கழட்டிர்றேன்." பிறகு என் பக்கம் திரும்பி, "டீச்சர், அம்மாவுக்கு ஏதாவது மறதி இருக்கா? மறைக்காம சொல்லுங்க" என்றான். நான் அக்காவைப் பார்த்தேன்.

சபியா அக்காதான் சொன்னார். "அவங்கள ஏன் கேக்குற? எனக்குத்தான் மறதி. அவரு எனக்காக நடிச்சாரு. நான் நம்புன மாதிரி நடிச்சேன். அது கூடவா தெரியாது எனக்கு? கழட்டாத. நான் இங்கதான் இருப்பேன்."

அன்வர் அம்மாவின் அருகில் உட்கார்ந்தான். "சரிம்மா. ஆனா கரன்ட் போனா கேசட் யாரு போடுவா?"

அக்கா என்னைப் பார்த்தார்.

இதையெல்லாம் எழுதச் சொன்னவரும் அக்காதான். பாயிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேசட்டும், வாயில் வைக்காமல் மனதில் வைத்துக்கொள்ள அவர் சொன்ன சந்தேகமும்தான். பள்ளி விட்டு வந்ததும் அடுத்த வீட்டுக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுகிறேன்.

நேற்று கரன்ட் போய் வந்தது. போய்க் கேசட்டைப் போட்டேன். எதிர்வீட்டிலிருந்து குமாரின் குரல்: "இன்னா டீச்சர், இப்போ நீ கட்டிகினு கீறியா?"

"ஆமாண்டா" என்றேன். "மொத வெடி உன் வூட்லதான்."