வண்டியில் ஆள் ஏற்றிய விவரம்

கூட வேலை பார்ப்பவர்களைச் சொந்தக் காரில் ஏற்றிக்கொண்டு போய், அந்தத் தூரத்துக்கு ஆபீஸில் கிலோமீட்டர் காசும் வாங்கினால், அது கள்ள டாக்ஸி ஓட்டுவதற்குச் சமம் என்று ஒரு வாரம் முழுக்க நம்பினேன். ஐம்பது தாண்டியவன். சிரித்துக்கொள்ளுங்கள்.

பயிர்க் காப்பீட்டுக்காக மிளகாய் வயல்களைப் பார்த்து எழுதுவது எங்கள் வேலை. ராமநாதபுரத்திலிருந்து முதுகுளத்தூர்ப் பக்கம் என் காரில்தான் போவோம். முன்சீட்டில் ஓர் அக்கா, பின்சீட்டில் ஒரு தம்பி. இரண்டு பேருமே எங்கள் ஆபீஸ்.

ஒருநாள் கணக்குப் பிரிவிலிருந்து வாட்ஸப் வந்தது: 'வண்டியில் ஆள் ஏற்றிய விவரம் தேவை.'

ஆள் ஏத்துறது என்றால் எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான். ஓன் போர்டு போட்ட சொந்த வண்டியில் காசுக்குச் சவாரி அடிப்பது. பிடிபட்டால் வண்டி ஆர்டிஓ ஆபீஸில் வெயில் காயும். எனக்கோ காரின் தவணையே இன்னும் முடியவில்லை.

போட்டுக் கொடுத்தது யார்? பின்சீட்டுத் தம்பி ஏறும்போதும் இறங்கும்போதும் என் தோளுக்கு மேலே எட்டி மீட்டரைப் பார்ப்பான். அதுவரை கழுத்துவலி என்று நினைத்திருந்தேன். அக்காவும் லேசுப்பட்டவரில்லை. போன வாரம் என் வடைக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார். அது அன்பா, டிக்கெட்டா?

மறுநாளே சொல்லிவிட்டேன். "வண்டி சரியில்ல. பஸ்ல வந்துருங்க."

"வண்டிக்கு என்னண்ணே?" என்றான் தம்பி.

"சத்தம் வருது."

"எங்கன?"

"உள்ளுக்குள்ள."

"வண்டிக்குள்ளயா, ஒனக்குள்ளயா?" என்றார் அக்கா.

அந்த வாரம் தனியாகவே போய் வந்தேன். பஸ் ஸ்டாப்பில் நின்ற தம்பி என் காரைப் பார்த்துக் கையைக் காட்டினான். யாருக்கோ அடையாளம் காட்டுகிறான் என்று கண்ணாடியை ஏற்றிவிட்டு ஆக்சிலேட்டரை அழுத்தினேன்.

சனிக்கிழமை கணக்குப் பிரிவு அம்மா கூப்பிட்டார்.

"விவரம் கேட்டேனே சார், எங்க? கூட வாற ஒவ்வொரு ஆளுக்கும் ஒங்களுக்குக் கிலோமீட்டருக்கு ஒரு ரூபா சேத்துத் தரச் சொல்லி உத்தரவு வந்துருக்கு. அந்தத் தம்பிதான் மீட்டரக் குறிச்சுக் காட்டி, ஒங்களுக்காக மேல பேசி வாங்குனாப்ல. இந்த வாரத்துல இருந்து உண்டு. எத்தன பேர ஏத்துனீங்க?"

"யாரையும் ஏத்தல," என்றேன்.

அந்த வாரத்துக்கு அவர்கள் இருவருக்கும் பஸ் காசு வந்தது. எனக்கு, தனியாளாக ஓட்டிய கிலோமீட்டருக்கு மட்டும் வந்தது.